தும்பிக்குப் பேச்சுப் பழக்கியது

தம்பி வந்து கேட்டபோது அக்கா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு தலையணை உறையை எடுத்தான். மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். ஏதோ தொண்டை வரைக்கும் வந்து நிற்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா, ஒருத்திக்குப் பேச்சு சரியா வரல. நீதான் கொஞ்சம் உதவி பண்ணணும்."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வா. பாத்துடலாம்."

"கூட்டிட்டெல்லாம் வர முடியாது. அவ எப்பவும் என்கூடவேதான் இருக்கா."

அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் வேலை. பக்கவாதத்தில் நாக்குக் குழறிப்போனவர்கள், தெரிந்த சொல்லே வாய்க்கு வராமல் தவிப்பவர்கள் எல்லாம் அவளிடம்தான் வருவார்கள். தம்பி பல் செட் செய்கிறவன். ஒரு சின்ன அறையில், மேஜை விளக்குக்கு அடியில் நாளெல்லாம் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களுக்கு மெழுகில் பல் செதுக்குவான். கல்யாணம் முறிந்த பிறகு அக்கா வீட்டின் பின்னறைக்கு வந்தவன் அங்கேயே தங்கிவிட்டான். அத்தானும் ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை.

தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொன்னான். அதற்குத் துல்பா என்று பெயராம். மனசுக்குள் ஒரு ஆளை நினைத்து, விடாமல் அந்த ஆளிடம் பேசிப் பேசி வளர்த்தால், ஒரு கட்டத்தில் அந்த ஆள் தானாகவே பதில் பேசத் தொடங்குமாம். உலகத்தில் நிறையப் பேர் இப்படி வைத்திருக்கிறார்களாம். அவனுடையவள் பெயர் தும்பி. வந்துவிட்டாள், கூடவே இருக்கிறாள், ஆனால் குரல் மட்டும் தெளியவில்லை.

"அவ பேசுறாளா, நானே பேசிக்கிறேனான்னு பிரிக்க முடியல. ஒரே போர்வைக்குள்ள ரெண்டு பேர் படுத்த மாதிரி இருக்கு."

புத்தி பேதலிக்கிறதோ என்று அக்காவுக்குத் தோன்றியது. ஆனால் முகத்தில் எதையும் காட்டாமல் இருப்பது அவள் தொழிலோடு வந்த பழக்கம். "சரிடா, பாக்கலாம்" என்றாள். சொல்லும்போதே உள்ளுக்குள் வேறு கணக்குப் போட்டுவிட்டாள். போக்கில் விட்டுப் பிடிக்க வேண்டும். எவ்வளவு முற்றியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அத்தான் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவள் நினைத்த வரிசையும் அதுதான். அத்தான் காதுக்குப் பிறகுதான் தம்பியின் தூக்கம், சாப்பாடு எல்லாம் அவள் நினைவுக்கு வந்தன.

அத்தான் வெளியே போகிற மாலைகளில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்கள். முதல் நாளே அவன் தவறு அவளுக்குப் பிடிபட்டது. ஒன்றைக் கேட்டுவிட்டு, மூச்சு விடுவதற்குள் பதிலையும் அவனே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். பயிற்சிக்கு வருகிறவர்களின் வீட்டுக்காரர்கள் செய்வதும் இதையேதான். நோயாளியிடம் பேர் என்ன என்று கேட்டால் பக்கத்தில் நிற்கும் மனைவி சொல்வாள். அவர்களை முதலில் வெளியே அனுப்புவாள் அக்கா.

"முந்திரிக்கொட்டை மாதிரி நீ ஏன் பதில் சொல்ற? கேளு. கேட்டுட்டு சும்மா இரு. அவளுக்கு எவ்வளவு நேரம் வேணுமோ எடுத்துக்கட்டும். தப்பா சொன்னாலும் திருத்தாத. முதல் வார்த்தை வரும்போது அதட்டினா அப்புறம் ஜென்மத்துக்கும் வாய் திறக்க மாட்டாங்க."

ஒரு கரண்டியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "இது எப்படி இருக்குன்னு முதல்ல நீ சொல்லு. அப்புறம் அவளைக் கேளு."

வளைவு, பளபளப்பு, பிடியில் ஒரு கீறல் என்று அவன் தொழில்காரனாகச் சொன்னான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான். குழாய் சொட்டியது. தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று அவன் சிரித்தான்.

"என்னடா?"

"ம்ஹும், இது என்னைத் தலைகீழா காட்டுது, எனக்குப் பிடிக்கலங்கறா. எனக்கு இது தோணவே இல்லக்கா. நான் 'ம்ஹும்' போட்டும் பேச மாட்டேன்."

அக்காவும் சிரித்துவிட்டாள். தலையே இல்லாத ஒருத்தி, கரண்டியில் தன் தலை கவிழ்ந்து தெரிவதாகக் கோபித்துக்கொள்கிறாள். அடுத்த சில வாரங்களில், அவளை அறியாமலேயே, அந்த மாலைகளுக்காகக் காத்திருக்கத் தொடங்கினாள். தும்பி நிதானமாகப் பேசுகிறவள், அவனைவிடச் சற்றுக் கனத்த குரல், எதற்கும் முதலில் ஒரு 'ம்ஹும்' என்றெல்லாம் தெரிய வந்தது. தம்பியின் முகத்தில் சதை பிடித்தது. பல் செதுக்கிக்கொண்டே பாட்டு முணுமுணுக்கிறான் என்று அவனுடைய முதலாளி வந்து சொல்லிவிட்டுப் போனார். ஆனால் ஒவ்வொரு முறை சிரித்து முடித்ததும் அவளுக்குப் பகீரென்றது. பைத்தியத்துக்குப் பக்கவாத்தியம் வாசிக்கிறோமோ?

ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் அம்மா ஒருவர் இருந்தார். சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் அக்கா எல்லாவற்றையும் கொட்டினாள். கரண்டியையும் சேர்த்துத்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபோது இவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை.

"நான் வந்து பேசணும்னா உங்க தம்பி சம்மதிக்கணும்மா."

"அவன் சம்மதிச்சுட்டான் டாக்டர்" என்றாள் அக்கா. அந்தப் பொய் அவள் வாயிலிருந்து நழுவியது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

டாக்டர் வருவதற்கு முந்தைய வாரம், மேஜையில் உட்கார்ந்த தம்பி, "இன்னைக்கு அவ பேசலக்கா" என்றான். அக்கா ஏனென்று கேட்கவில்லை. விட்டது தொல்லை என்று இருந்தது.

டாக்டர் ஒரு விடுமுறை நாளில் வந்தார். "என் ஃபிரெண்டு, இந்தப் பக்கம் வந்தாங்களாம்" என்று அக்கா அறிமுகம் செய்தாள். டாக்டர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு தம்பியிடம் பல் செய்வதைப் பற்றிக் கேட்டார். அவன் உற்சாகமாகப் பேசினான். டீ வந்தது. தம்பி சர்க்கரையைக் கலக்கியபோது டாக்டர் வெள்ளந்தியாகச் சொன்னார்:

"இந்தக் கரண்டியைத்தான் தும்பிக்குப் பிடிக்காதோ?"

அவன் கை நின்றது. அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அக்கா பிஸ்கட் தட்டை இடம் மாற்றி வைத்தாள்.

கோபப்பட்டிருந்தால் தேவலை. அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஆமாங்க, அதுதான்" என்றான். அதற்கப்புறம் அவர் கேட்ட அத்தனைக்கும் மரியாதையாக, ஒன்றையும் மறைக்காமல் பதில் சொன்னான். தும்பி வெளியில் இல்லை, தனக்குள்தான் இருக்கிறாள் என்பது தெரியும் என்றான். எதையும் செய்யச் சொல்லி மிரட்டுவதில்லை என்றான். நல்ல தூக்கம் வருகிறது என்றான்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே டாக்டர் சொன்னார்: "உங்க தம்பிக்கு வைத்தியம் பண்ண எதுவும் இல்லைம்மா. தனியா இருந்தவர் ஒரு துணையைத் தேடிக்கிட்டார். உள்ள இருக்கறது எது, வெளிய இருக்கறது எதுன்னு அவருக்கு நல்லாத் தெரியுது. ஆனா அவர் சம்மதிச்சதா நீங்க சொன்னீங்க. என்னையும் இதுல கூட்டுச் சேத்துட்டீங்க." குரலை உயர்த்தவில்லை. போய்விட்டார்.

அக்கா உள்ளே வந்தபோது தம்பி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"உன் நல்லதுக்குத்தான்டா" என்று ஆரம்பித்தாள்.

"அவ முன்னாடியே சொல்லிட்டாக்கா" என்றான் திரும்பாமலே. "போன வாரம். முழுசா, தெளிவா, ஒரு திக்கல் இல்லாம அவ பேசின முதல் வாக்கியம் அதுதான். 'அக்கா நம்மளை நம்பல, யார்கிட்டயோ சொல்லிட்டாங்க'ன்னா. எனக்கு ஆத்திரம் வந்துடுச்சு. எங்கக்கா அப்படிப்பட்டவ இல்ல, வாயை மூடுன்னேன்." குழாயை நிறுத்தினான். "மூடிட்டா. அதுக்கப்புறம் பேசவே இல்ல."

அக்காவுக்கு முகமெல்லாம் எரிந்தது. அதட்டாதே என்று படித்துப் படித்துச் சொன்னவள் அவள். அவளுக்காகத்தான் அவன் தும்பியை அதட்டியிருக்கிறான். நர்ஸோடு சேர்ந்து சிரித்த சிரிப்பு காதுக்குள் கேட்டது. அதைத் தம்பி கேட்டிருக்க முடியாது. ஆனாலும் கேட்டுவிட்டதுபோல் கூசியது.

"மன்னிச்சிடுடா."

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது. அவகிட்ட சொல்லு."

"எங்க பாத்துப் பேசணும்?"

"என்னையே பாரு. என் காதுதான் அவளுக்கும்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவு கிட்டத்தில் அவனைப் பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன. "தும்பி," என்றாள். நாக்கு ஒட்டிக்கொண்டது. "நீ சொன்னது நெசம்தான். நான் நம்பல. உன்னை வச்சு நாலு பேர்கிட்ட..."

கதவு திறந்தது. அத்தான் காய்கறிப் பையோடு வந்து நின்றார். "யாரு தும்பி?"

"ஒண்ணுமில்லைங்க. சும்மா பேசிட்டிருந்தோம்" என்றாள் அக்கா, பட்டென்று.

தம்பி கையைத் துடைத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டான். கதவைக்கூட அறைந்து சாத்தவில்லை.

அவள் அங்கேயே நின்றாள். அரை வாக்கியத்தில் விட்ட மன்னிப்பு வாய்க்குள்ளேயே கசந்தது. அத்தான் தக்காளியை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். கடைசித் தக்காளி விழுந்ததும் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். துல்பா, கரண்டி, நர்ஸ், டாக்டர், பொய் எல்லாம்.

அத்தான் காலிப் பையை உதறினார். "அட, இதானா? தனியா சிரிக்கிறானே, எந்தப் பொண்ணுகூடவோ போன்ல பேசுறான்னு இருந்தேன். நல்ல விஷயம்தானேன்னு கண்டுக்காம விட்டுட்டேன்." பையை மடித்துக்கொண்டே, "அதை ஏன் என்கிட்ட ஒளிச்ச?" என்றார்.

இத்தனை நாள் எந்த மனுஷருக்குப் பயந்து தம்பியைக் காட்டிக்கொடுத்தாளோ, அவர் இவ்வளவுதானா என்கிறார்.

பின்னறைக் கதவைத் தட்டினாள். அவன் திறந்தான். அத்தான் கூடத்தில் இருக்கும்போதே, அவர் காதில் விழும்படி, விட்ட இடத்திலிருந்து தும்பியிடம் சொல்லி முடித்தாள். நர்ஸோடு சிரித்ததையும் விடவில்லை. அதைக் கேட்டபோதுதான் அவன் முகம் சுருங்கியது. "என்ன சொல்றா?" என்று கேட்க வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். காத்திருந்தாள். இருவரும் அப்படியே நின்றார்கள். பிறகு அவன், "சரிக்கா, எனக்கு வேலை இருக்கு" என்றான்.

சாப்பாட்டு மேஜைப் பயிற்சி அதோடு நின்றது. அவனிடம் அவள் எதையும் கேட்கவில்லை. நர்ஸிடம் மட்டும் ஒரு நாள் போய், அது சிரிக்கிற விஷயமில்லை, நான் சொல்லியிருக்கக் கூடாது என்றாள். நர்ஸ் எதைச் சொல்கிறாள் என்றே புரியாமல் விழித்தாள். அவளுக்கு அது எப்போதோ மறந்துபோயிருந்தது.

மழை பிடித்த ஒரு மாலையில், கொடியிலிருந்து துணிகளை அவசரமாக உருவிக்கொண்டிருந்த அக்காவுக்கு உதவ வந்த தம்பி, ஒரு போர்வையின் மறுமுனையைப் பிடித்தபடி சொன்னான்:

"பேச ஆரம்பிச்சுட்டா."

அக்காவுக்குக் கண் நிறைந்தது. "குரல் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. நான் ஒண்ணு நினைச்சா அவ வேறொண்ணு சொல்றா." போர்வையை மடித்து அவள் கையில் வைத்தான். "ஆனா நீ பக்கத்துல இருக்கறப்ப மட்டும் பேச மாட்டாளாம். கோவமெல்லாம் இல்லையாம். முடியலையாம்."

"இப்பவும் பேசலையா?"

"இல்ல."

"சரி. நீ உள்ள போ. மிச்சத்தை நான் எடுத்துக்கறேன்" என்றாள் அக்கா. அவன் நனையாமல் தலைக்குமேல் ஒரு சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடினான். அவள் அவசரப்படாமல், ஈரமாகிவிட்ட துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். உள்ளே அவர்கள் பேசிக்கொள்ளட்டும் என்று இருந்தது.