ஓலப்பன் கப்பல் ஏறிய கதை

கந்தப்பனுக்குத் தொண்டை கட்டியது வெள்ளிக்கிழமை மத்தியானம். அன்று பொழுது சாய, பரமத்தி வேலூரில் முதல் ஆட்டம். 'கப்பல் படம், கடல் சண்டைப் படம்' என்று மாட்டு வண்டியில் ஏறி, தப்பட்டைக்காரனோடு போட்டி போட்டுக்கொண்டு ஊர் ஊராகக் கத்தியதில் குரல் போயே போய்விட்டது. சுக்கைக் கடித்தான், மிளகைக் கடித்தான். வாயைத் திறந்தால் ஓட்டை விழுந்த துருத்தி மாதிரி வெறும் காற்றுதான் வந்தது.

ஊமைப் படம் ஓடிய காலம். திரையில் வெள்ளைக்காரர்கள் வாயை அசைப்பார்கள். நடுநடுவே இங்கிலீஷ் எழுத்து வந்து போகும். திரைக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியின்மேல் ஆள் நின்று கதை சொன்னால்தான் தரையில் உட்கார்ந்த ஜனத்துக்கு அது படம். சொல்கிறவன் சொதப்பினால் ஆற்று மணலை அள்ளித் திரைமேல் வீசுவார்கள். கந்தப்பன் வேலை அந்தப் பெட்டியின்மேல்தான்.

டென்ட் முதலாளி மயில்சாமிக்குக் கோபம் வந்தால் குரல் தணிந்துவிடும். அப்போது மிகவும் தணிந்திருந்தது.

"கரூர்ல ஒருத்தன் ஆர்மோனியப் பொட்டியோட சும்மா உக்காந்திருக்கான். நாளைக்கு ஆளை உட்டுக் கூட்டியாந்துக்கறேன். இன்னைக்கு யாரப்பா சொல்றது? நானா?"

"நான் சொல்றனுங்க" என்றாள் அங்கம்மாள்.

அவள் கந்தப்பன் பெண்டாட்டி. பொம்பளைகள் பக்கத்து வாசலில் டிக்கெட்டைக் கிழித்து, முறுக்கு விற்றுக்கொண்டிருந்தவள். அதற்கு முன்னால் இருவரும் ரோட்டு வேலையில் ஜல்லி உடைத்தார்கள். பத்து சுத்தியல் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை அவளுடையது.

"பொம்பளை சொன்னா சனம் கேக்குமா?"

"கேக்கலீன்னா நாளைக்கு அந்தக் கரூர்க்காரரையே கூட்டியாங்க. நாங்க மூட்டையக் கட்டிக்கறோம். ஜேடர்பாளையத்துல டென்ட் போட்டிருந்தப்ப இந்தப் படத்தை நெதமும் பாத்தவ நானு. நொட்டம் சொல்றதுக்கு ஒண்ணுமிருக்காதுங்க."

கந்தப்பன் ஏதோ சொல்லக் கையை ஆட்டினான். காற்று வந்தது. மூட்டையைக் கட்டினால் மறுபடியும் ஜல்லிதான் என்பது அவனுக்கும் தெரியும். கையை இறக்கிக்கொண்டான்.

பொழுது இறங்கியது. டென்ட் நிறைந்துவிட்டது. கொடிக்கால் வேலை முடித்து வெற்றிலை வாசத்தோடே வந்தவர்கள், கரும்பாலை ஆட்கள், நடுவில் கட்டிய படுதாவுக்கு அந்தப்பக்கம் பொம்பளைகள். முன்வரிசை மணலில் பரிசல் ஓட்டுகிற அர்த்தநாரி காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். ஆற்றில் அவனுக்குத் தெரியாதது இல்லை என்பது அவனுடைய எண்ணம்.

மெஷின்காரன் காளியண்ணன் கைப்பிடியைச் சுற்றினான். பனி மூடிய மலை வந்தது.

"பாருங்க சாமீ! வடக்கே, பனி கொட்டற தேசம். இவங்களுக்கு வைக்கிங்குன்னு பேரு. என்னமோ ராச்சசன்னு நெனச்சுக்காதீங்க, நம்மளாட்டப் பண்ணையக்காரங்கதான். உழறதுக்கு மண்ணு பத்தலை, அதனால கடல்ல எறங்கறாங்க. அந்தத் தாடிக்காரருதான் ஓலப்பன். கன்னத்துல தழும்பு தெரியுதா? பக்கத்துல சம்சாரம், சீராயி."

ஓலப்பன் என்பது கந்தப்பன் வைத்த பேர். இங்கிலீஷ் தாளில் இருந்ததை யாராலும் வாயில் நுழைக்க முடியவில்லை. சீராயியும் அப்படி வந்தவள்தான்.

நீளமான வீடு ஒன்று தெரிந்தது. ஒரு கோடியில் மாடு, மறு கோடியில் மனிதர்கள், நடுவில் அடுப்பு.

"மாடும் மனுசனும் ஒரே ஊட்டுல! குளிருக்கு மாட்டுச் சூடு வேணுமாமா. கல்லுல திரிக்கறாங்க பாருங்க, அதை நம்ம களி மாதிரியேதான் கிண்டுவாங்க. அங்க தொங்கறது கருவாடு. சீராயி இடுப்பப் பாருங்க, கொத்துச் சாவி! ஆம்பளை கடலுக்குப் போனா பண்ணையம் பூரா இவதான்."

"அந்தச் சாவியக் கண்ணுல காட்டுங்க, எங்க ஊட்டுல பூட்டே இல்லே" என்று படுதாவுக்கு அந்தப்பக்கம் ஒருத்தி கத்தினாள். சிரிப்பு.

இரண்டாம் ரீலில் கப்பல் கட்டினார்கள். பலகைமேல் பலகை ஏற்றி ஆணி அடித்தார்கள். பொம்பளைகள் ஆட்டு மயிரில் பாய் நெய்தார்கள்.

"கப்பலுக்குக் கூரையே காணமே, மழைக்கு என்ன பண்ணுவானுக?" என்றான் அர்த்தநாரி.

"உன்ற பரிசலுக்கு ஓடா வேஞ்சிருக்கே, அண்ணா?"

டென்ட் அதிர்ந்தது. பின்னால் நின்ற மயில்சாமி முதல் தடவையாக உட்கார்ந்தார்.

ரீல் மாற்ற விளக்கை ஏற்றினார்கள், சோடா விற்றார்கள், மறுபடியும் அணைத்தார்கள். மூன்றாம் ரீலில் ஓலப்பனுக்கும் சீராயிக்கும் கல்யாணம் நடந்த பழைய கதை வர வேண்டும். திரையில் வந்ததோ பிணம்.

ஓலப்பன் கப்பல் நடுவே கண்ணை மூடிப் படுத்திருந்தான். நெஞ்சின்மேல் வாள். கரையில் ஆட்கள் தீப்பந்தத்தோடு நின்றார்கள். கடைசி ரீல் இது. காலையில் வண்டியில் வரும்போது தூறல் போட்டதே, டப்பாக்களின்மேல் சாக்குக்கட்டியில் எழுதிய நம்பரில் சில அழிந்திருக்கும். காளியண்ணன் குத்துமதிப்பாக எடுத்து மாட்டிவிட்டான்.

கந்தப்பன் அவனிடம் ஓடினான். "ரீலு! ரீலு!" என்று கத்தினான். அது மெஷின் சத்தத்தில் கொசு சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. காளியண்ணன் புன்னகைத்துவிட்டுச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

ஜனம் அங்கம்மாளைப் பார்த்தது.

"ஓலப்பன் செத்துட்டாருங்க" என்றாள்.

"அதுக்குள்ளயா! எப்படிச் செத்தான்?"

"காச்சலுங்க. அந்தக் குளிருல காச்சல் வராம என்ன வரும்? பெரிய மனுசன் செத்தா அங்க சுடுகாட்டுல வெக்கறதில்லை. ஓட்டுன கப்பல்லயே படுக்க வெச்சு, வாளும் கேடயமும் கூட வெச்சு, கப்பலோட கொளுத்தியுடறாங்க."

தீ பாயைப் பிடித்தது. தண்ணீர்மேல் கப்பல் எரிந்துகொண்டே போனது. அப்போது படுதாவுக்கு அந்தப்பக்கம் பெருமாயி குரலெடுத்தாள். எந்த இழவு வீடானாலும் முதல் ஆளாகக் கூப்பிடப்படுகிற பெருமாயி.

"கட்டுன கப்பலுக்கு ராசா, நீயேதான் வெறகானே..."

அவ்வளவுதான். பொம்பளைகள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு அழுதார்கள். அங்கம்மாளும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சொல்ல வேண்டியது மிச்சமில்லாததால் நல்லதாகப் போயிற்று.

விளக்கு ஏற்றியதும் கந்தப்பன் மூச்சிரைக்க வந்து மூன்று விரல் காட்டினான், பிறகு ஐந்து: மூன்றாவதற்குப் பதில் ஐந்தாவது ஓடிவிட்டது. பின்னாலேயே காளியண்ணன்.

"அக்கா, தப்பாயிப்போச்சு. மிச்சம் ரெண்டு ரீலு. ஒண்ணுல கடலு, ஒண்ணுல கண்ணாலம்."

"எதைப் போட்டாலும் ஓலப்பன் உசுரோட வாராரே?"

"வாராரு."

"கடலையே போடு, போ."

திரையில் கடல் வந்தது. கப்பலின் பின்புறம் துடுப்பைப் பிடித்துக்கொண்டு, தாடியும் தழும்புமாக, ஓலப்பன்.

முன்வரிசையில் கைகள் மணலை அள்ளும் சத்தம். பெருமாயி படுதாவை விலக்கிக்கொண்டு தலையை நீட்டினாள்.

"அடியே! உசுரோட இருக்கறவனுக்கா எங்களை ஒப்பாரி வெக்க வுட்டே? அது எங்க ஊட்டு ஆம்பளைக தலைமேலல்ல வந்து வுழும்!"

அது விளையாட்டுப் பேச்சு இல்லை. உயிரோடு இருப்பவனுக்கு ஒப்பாரி வைத்தால் அந்தச் சாவு அழுதவள் வீட்டைத் தேடி வரும் என்று அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பொம்பளைகள் எழுந்துவிட்டார்கள். மயில்சாமியும் எழுந்துவிட்டார்.

"பெருமாயக்கா, உங்க மூத்த பேரனுக்கு என்ன பேரு?" என்று கேட்டாள் அங்கம்மாள்.

"அதெதுக்கு இப்ப? எங்கூட்டுக்காரரு பேருதான். சின்னக்காளி."

"உங்கூட்டுக்காரரு?"

"அவுரு போய்ச் சேந்து வருசம் ஆச்சே."

"அப்பறம்? செத்தது தாத்தன் ஓலப்பன். இவரு பேரன் ஓலப்பன். நம்மளாட்டமே தாத்தன் பேரைத்தான் அங்கயும் பேரனுக்கு வெக்கறாங்க."

பெருமாயி தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அர்த்தநாரி விடவில்லை.

"தழும்பு? அதையும் தாத்தன் குடுத்துட்டுப் போனானா?"

"உன்ற வயித்துல சூட்டுத் தழும்பு இருக்குதா இல்லியாண்ணா? சின்னதுல மாந்தம் வந்தப்ப போட்டது?"

அர்த்தநாரியின் கை தானாக வயிற்றுக்குப் போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் கைகளும் போயின.

"நம்மூர்ல வயித்துல. அங்க கன்னத்துல."

சிரிப்பு வந்தது, மணல் இன்னும் கையை விட்டு இறங்கவில்லை. திரையில் புயல். ஆட்கள் தோல்வாளியால் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றினார்கள். பிறகு காற்று செத்தது. சுற்றிலும் தண்ணீர், கரை எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஓலப்பன் ஒரு கூண்டைத் திறந்து, கறுத்த பறவை ஒன்றை மேலே விட்டான். அண்டங்காக்கை. அது வட்டமடித்து ஒரு திக்கில் நேராகப் பறந்தது. கப்பலை அந்தப் பக்கம் திருப்பினார்கள்.

ஜேடர்பாளையத்தில் கந்தப்பன் இந்த இடத்தில் 'காக்கா கரையைக் காட்டும்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவான். அங்கம்மாள் வாயிலிருந்து வேறு வந்தது.

"காக்காயப் பாருங்க! அது யாருன்னு நான் சொல்லோணுமா? அம்மாவாசைக்குச் சோறு வெச்சு யாரைக் கூப்புடறோம் நாம?"

"தாத்தன்!" என்றாள் பெருமாயி. "தாத்தன் வந்துட்டாரு! பேரனுக்கு வழி காட்ட வந்துட்டாருடி!"

கரை தெரிந்தபோது டென்டே எழுந்து நின்றது. அர்த்தநாரி கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டு, "அங்க மணல்திட்டு, எடப்பக்கம் ஒதுக்குடா, ஓலப்பா!" என்று திரையைப் பார்த்துக் கத்தினான்.

கடைசியாகக் கல்யாண ரீல். மணப்பெண்ணாகச் சீராயி வந்தாள்.

"இவளும் பாட்டியாட்டமே இருக்கறாளே?" என்று யாரோ கேட்டார்கள்.

அங்கம்மாள் வாயைத் திறப்பதற்குள் பெருமாயியே திரும்பி அதட்டினாள்: "அத்தை மவளக் கட்டுனா அப்பறம் எப்படியிருப்பா? சும்மா உக்காந்து பாரு."

படம் முடிந்ததும் பொம்பளைகள் வீட்டுக்குப் போகவில்லை. இழவுக்கு அழுதவர்கள் தலை முழுகாமல் வாசப்படி ஏறுவதா? கும்பலாகக் காவிரிக்கு இறங்கினார்கள். தண்ணீரில் சிரிப்பும் கூச்சலும் டென்ட் வரைக்கும் கேட்டது.

மயில்சாமி காளியண்ணனைக் கூப்பிட்டார். "ரீலு மாறிப்போச்சா?"

"ஆமாங்க. நாளைக்குச் செரியாப் போட்டுடறனுங்க."

"போட்டீன்னா தோலை உரிச்சுப்போடுவேன். இன்னைக்கு ஓட்டுன மாதிரியே ஓட்டு." அங்கம்மாளைப் பார்த்தார். "நாளைக்கும் நீயே ஏறும்மா." கரூரைப் பற்றி அவர் பேசவில்லை.

கந்தப்பனுக்குத் திங்கட்கிழமை குரல் வந்தது. வந்த ஜோரில் பெட்டியின்மேல் ஏறி, "பெரியோர்களே!" என்றான். "அக்காவ ஏறச் சொல்லு!" என்றது படுதாவுக்கு அந்தப்பக்கம். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். ஒவ்வொருத்தி மடியிலும் மாற்றுச் சேலை சுருட்டி இருந்தது.

அவன் இறங்கினான். முகம் கொஞ்சம் சுண்டித்தான் இருந்தது.

"கதை தலைகீழா இருக்குது புள்ளே" என்றான் மெதுவாக. "அவங்க எடுத்தது அப்படியில்லே."

"அவங்க ஊருக்கு அது. நீங்க தப்பட்டைய எடுத்துட்டு வாங்க. அலை வாரப்ப பலமா அடிங்க, தீ வாரப்ப நிறுத்திப்போடுங்க. பெருமாயக்கா குரலு அமுங்கீரக் கூடாது."

அவன் தப்பட்டையைத் தேடிப் போனான். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பெட்டியின்மேல் ஏறினாள்.