அவர் அப்போது வீட்டில்தான் இருந்தார்

பட்டறையில் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. பழைய கொலை வழக்குகளைக் கிளறி, தூக்கில் போனவன் குற்றவாளியா அப்பாவியா என்று நேயர்களை மல்லுக்கட்ட விடும் நிகழ்ச்சி. மெக்கானிக் வாராவாரம் கேட்பான். அன்றைக்கு எடுத்தது அவன் அண்ணனின் வழக்கு.

அடகுக்கடைக்காரரின் மண்டையை ஸ்பேனரால் அடித்துக் கூழாக்கியதாக அண்ணனைத் தூக்கில் போட்டபோது, மெக்கானிக்குக்குப் பால்பல்கூட விழவில்லை. வளர்த்தது அண்ணிதான். அண்ணன் எறும்பைக்கூட மிதிக்காதவர் என்று அம்மா சாகும்வரை சொல்லிச் சொல்லி, அது அவன் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. அந்தப் பேச்சு வந்தாலே அண்ணி எழுந்து போய்விடுவாள். துக்கம் என்று நினைத்துக்கொள்வான்.

"ஸ்பேனர்ல ரத்தம் இருந்துச்சே, அப்புறம் என்ன பேச்சு?" என்றது ரேடியோவில் ஒரு குரல்.

"எங்க அண்ணனும் மெக்கானிக்டா! மெக்கானிக் ஸ்பேனர்ல ரத்தம் இல்லாத நாள் உண்டாடா?" என்று தன் தோலுரிந்த விரல் முட்டிகளை ரேடியோவிடம் நீட்டினான். பக்கத்தில் கார் கதவுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த பெயின்டர் சிரித்தான்.

கார் சரியாகட்டும் என்று பெஞ்சில் காத்திருந்த வயதான வக்கீல் நிமிர்ந்தார். "அது உங்க அண்ணனா? அவர் கொலை செய்யலப்பா. அவருக்காக வாதாடின வக்கீலுக்கு நான்தான் ஜூனியர்."

மெக்கானிக் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தான். "எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க சார்!"

"கொலை நடந்த நேரம் அவர் வீட்டுல இருந்தார். உங்க அண்ணியே சாட்சிக் கூண்டுல ஏறிச் சொன்னாங்க. அதுதான் வினையாப் போச்சு."

"ஏன்?"

வக்கீல் தயங்கினார். "அந்த நேரம் அவங்களப் போட்டு அடிச்சுக்கிட்டு இருந்தாராம். ஒடிஞ்ச கையில கட்டோட வந்து நின்னாங்க. பொண்டாட்டிய இப்படி அடிக்கிறவன் கொலை செய்ய மாட்டானான்னு எதிர்த்தரப்பு ஒரே கேள்விதான் கேட்டுச்சு. முடிஞ்சது கதை. உங்க அண்ணன் நிரபராதி. ஆனா மிருகம்பா..."

கையில் இருந்த ஸ்பேனரால் மெக்கானிக் அவர் முகத்தில் ஓங்கி அடித்தான். தாடை விட்டுப்போன சத்தம் ரேடியோவையும் மீறிக் கேட்டது. அடுத்த அடியில் தோள்பட்டை எலும்பு நொறுங்கியது. வக்கீல் டயர்களுக்கு நடுவே சரிந்து, ரத்தத்தோடு பல்லையும் துப்பினார். அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து மறுபடி ஓங்கியவனைப் பெயின்டர் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தான். முழங்கை பட்டு மூக்குடைந்தும் பிடியை விடவில்லை.

"செத்துருவாருடா! விடுடா!"

பெயின்டர் வக்கீலைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட, மெக்கானிக் நின்ற கோலத்திலேயே வீட்டுக்கு நடந்தான். அவனைக் கண்டதும் மனைவி மகளை இழுத்துக்கொண்டு உள்ளறைக்குள் போய்த் தாழ் போட்டாள். அண்ணி மட்டும் முன்னால் வந்தாள்.

"யாரு ரத்தம்?"

"அண்ணன் உங்கள அடிச்சாருன்னு ஒருத்தன் சொன்னான் அண்ணி. வாய ஒடச்சிட்டேன்."

அண்ணி முழுக்கை ரவிக்கையின் கையை ஏற்றிவிட்டாள். முழங்கைக்குக் கீழே எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. "வழுக்கி விழுந்தேன்னு உன்கிட்ட சொன்னது பொய்."

"அப்போ அண்ணன்..."

"கொல்லல. கொல்ல ஏது நேரம்? பொழுது இறங்கறப்ப ஆரம்பிச்சவரு, விளக்கு வெச்சப்புறம்தான் ஓய்ஞ்சாரு." அவன் கையைப் பார்த்தாள். "அதக் கீழ போடு. அவரும் இப்படித்தான் வந்து நிப்பாரு."

ஸ்பேனர் இன்னும் கையில் இருப்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

வக்கீல் பிழைத்துக்கொண்டார். ஆனால் தாடை சேரவில்லை, கஞ்சிதான் ஆகாரம். மெக்கானிக் மேல் கொலைமுயற்சி வழக்கு விழுந்தது. ஸ்பேனரைக் கையோடு கொண்டுவந்து தீர்த்துக்கட்டப் பார்த்தான் என்று போலீஸ் ஜோடித்திருந்தது. அவன் தங்கமானவன் என்று சொல்லச் சொல்லி, அவனுடைய வக்கீல் அண்ணியைச் சாட்சிக்கு அழைத்தார்.

"தங்கமானவன்னு சொல்ல நான் வரல," என்றாள் அண்ணி. "அடிச்சான். ரத்தத்த என் கண்ணால பார்த்தேன். அதுக்கு உள்ள போடுங்க. ஆனா கொல்லணும்னு திட்டம் போட்டான்னு ஜோடிக்காதீங்க. அது கையில இருந்த சாமான். என் கைய ஒடிச்சதுக்கு எங்க வீட்டுக்காரர உள்ள போட்டிருந்தா உங்களக் கும்பிட்டிருப்பேன். செய்யாத கொலைக்கு அவரத் தூக்குல போட்டீங்க. நான் சொன்னதுல பாதிய மட்டும் நம்பினீங்க."

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டார்.

கொலைமுயற்சிக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. கொடுங்காயத்துக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. வராந்தாவில் விலங்கோடு போனவன் மனைவியைத் தேடினான். மகளைத் தன் பின்னால் மறைத்தபடி, தூரத்துத் தூணோரம் அவள் நின்றிருந்தாள். கிட்டே வா என்று கூப்பிட வாயெடுத்தவன், கூப்பிடாமலே போனான்.