பன்னிரண்டு காலி இருக்கைகள்

அந்தக் கேளிக்கைப் பூங்காவில் ரோலர் கோஸ்டரின் வாயிலில் சங்கிலி பிடிப்பவனுக்குச் சங்கிலி என்றே பெயர் நிலைத்துவிட்டது. வலப்பக்கம், மும்மடங்கு கட்டணம் கட்டிக் கையில் மஞ்சள் பட்டை அணிந்தோர் நடந்து வரும் வழி. இடப்பக்கம், மற்றவர் நின்று தேயும் வரிசை. இருபத்துநான்கு இருக்கைகளில் பன்னிரண்டு பட்டைக்காரருக்கே உரியவை. அவர்கள் வராவிட்டாலும் அவை காலியாகவே மேலேறும். வரிசை விறுவிறுவென்று நகர்ந்தால் பட்டையை எவன் வாங்குவான்? தாகத்தை வளர்த்தல்லவா தண்ணீர் விற்க வேண்டும்!

இன்று அந்த வரிசையில் அவனுடைய மகள் நின்றாள். ஊழியர்களின் பத்து வயது நிறையாத பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒருநாள் இலவசம். அடுத்த மாதம் அவளுக்குப் பத்து. மூன்று மணி நேரம் நின்றும் முன்னே இன்னும் முப்பது பேர்; வந்து நின்றதோ அன்றைய கடைசி வண்டி. அது அவனுக்குத் தெரியும், வரிசைக்குத் தெரியாது.

பன்னிரண்டு பேரை உள்ளே விட்டான். மஞ்சள் பட்டை ஒன்றுகூட வரவில்லை. எஞ்சிய இருக்கைகள் வாயைப் பிளந்து கிடந்தன. எல்லாருக்கும் சங்கிலியைத் தூக்க ஒருநாளும் துணியாதவன், தன் மகளுக்கு மட்டும் தூக்கினான்.

"கண்ணு, ஓடி வா! சீக்கிரம்!"

பகல் முழுதும் நூறு பட்டைகள் முந்திச் சென்றபோது வாய்க்குப் பூட்டுப் போட்டிருந்த வரிசை, இப்போது வெடித்தது.

"யோவ், உன் வீட்டுப் புள்ளைக்கு மட்டும் கொம்பா முளைச்சிருக்கு?"

"அப்பன் சங்கிலி புடிச்சா மகளுக்குச் சிம்மாசனமா?"

"பட்டை இல்லாம முந்துறியே, வெக்கமா இல்லையாடி?" என்றாள், மகனை இடுப்பில் சுமந்து நின்ற ஒருத்தி.

"இடம் காலியாத்தானே கிடக்கு, அக்கா" என்று சங்கிலி கெஞ்சினான்.

"கிடந்துட்டுப் போகட்டும்! நியாயம்னு ஒண்ணு வேணாமா?"

மேற்பார்வையாளர் புன்னகையோடு வந்து சேர்ந்தார். சங்கிலியை அவன் கையிலிருந்து வாங்கி மாட்டினார்.

"ஜனங்க சொல்றதுதான்யா சரி. வரிசைன்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். யூனிஃபார்ம் சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டுக் கிளம்பு."

வரிசை கைதட்டியது. மனமாரத் தட்டியது! அந்த ஆரவாரத்தினூடே பன்னிரண்டு காலி இருக்கைகள் கம்பீரமாகப் புறப்பட்டுச் சென்றன.

இனி வண்டி இல்லை என்று மேற்பார்வையாளர் வாய் திறக்கவில்லை. வரிசையில் நிற்போரிடம் பட்டை விற்பவர் இன்னும் ஒரு சுற்று வரவேண்டியிருந்தது. சங்கிலி வாய் திறக்கப் போனான்.

"ஒரு வார்த்தை பேசினே, இந்த மாசச் சம்பளமும் கிடையாது" என்றார் அவர், புன்னகை மாறாமல்.

அவன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினான். மகள் தன் பழைய இடத்துக்குத் திரும்பினாள். பின்னால் நின்றவர் காலை நீட்டி மறித்தார்.

"எங்க நுழையறே? கடைசிக்குப் போ."

அவள் போய்க் கடைசியில் நின்றாள்.