எந்த எட்டு மணி

மார்கழித் திங்களின் முன்னிரவு பெரியதாழைக் கடற்கரையின்மேல் உப்புக்காற்றோடு இறங்கிக்கொண்டிருந்தது. கற்றறிந்த வாசகரே, அவ்வேளையில் அண்ணாந்து பார்ப்போர்க்குக் காட்சிக்கா பஞ்சம்? உச்சியை நோக்கி ஏறும் ஆறுமீன் கூட்டம், கீழ்வானில் செவ்வொளி சிந்தும் ஆதிரை, அதனருகே வரிசை பிசகாமல் நிற்கும் மூன்று மீன்கள் என அத்தனையும் இருக்க, அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, தென்கடலின் விளிம்பில் எழும் அகத்திய மீன் ஒன்றையே தேடியவளாய், மாடியில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள் விஜிலா.

சரக்குக் கப்பலில் பணிசெய்யும் அவள் கணவன் இனிகோ, கிறித்து பிறப்பு விழாவுக்கு இவ்வாண்டும் வர இயலாதென்று முந்தைய நாள் தொலைபேசியில் சொல்ல, அவள் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டாள். மேற்கு நோக்கிய கப்பல் நடுக்கடலுக்குள் புகுந்து தொடர்பு அறுமுன் அவன் சொன்னது இவ்வளவே: "நாளைக்கு ராத்திரி எட்டு மணிக்கு அகத்தியனப் பாருளா. நானும் பாப்பேன். ரெண்டு பேரும் பாத்துட்டா சண்டை தீந்துச்சு."

ஆனால் வீட்டுக்கு வீடு தொங்கிய தாள்விண்மீன் விளக்குகள் வானத்தை வெளிறச் செய்திருந்தன. விஜிலா படியேறிப் படியிறங்கி, சிலரிடம் கெஞ்சி, சிலரிடம் மல்லுக்கு நின்று, ஒருவழியாகத் தெருவை இருளாக்கினாள். உடனே, வேறிடமே கிடைக்காததுபோல், கருமுகிலொன்று தென்திசையிலேயே வந்து சப்பணமிட்டு அமர்ந்துகொண்டது. கோயில் மணி எட்டடித்து ஓய்ந்தது. ஆத்திரத்தில் அவளுக்கு அழுகை முட்டியது.

"லைட்டப் போடலாமாளா?" என்றாள் அடுத்த வீட்டு அமலோற்பவம்.

"போடுங்க மயினி. எல்லாம் போச்சு."

"எட்டுன்னானே, எந்த எட்டு? கப்பல் மேக்க போவப் போவ, அங்கன கடியாரத்தப் பின்னால திருப்பி வப்பாவல்லா. அவனுக்கு இன்னும் எட்டு ஆயிருக்காதுளா."

எந்த எட்டு என்பதை விஜிலா அவனிடம் கேட்கவேயில்லை. எவ்வளவு பின்னால் என்பதும் தெரியாது.

"இதையும் சொல்லித் தொலைக்காமப் போயிருக்கான் பாருங்க" என்று முணுமுணுத்தவள், போர்வையை அள்ளிக்கொண்டு, விளக்கொளி எட்டாத மணற்கரைக்கு நடந்தாள்.

நெடுநேரங் கழித்து முகில் விலகி, நீருக்கு மேலே அகத்திய மீன் வெண்மையாய்த் தெரிந்தது. அவள் எழுந்து போகவில்லை. அவனுடைய எட்டு எப்போது வருமென்று அறியாதவள், அம்மீன் கடலில் அமிழும்வரை கண்ணெடுக்காமல் பார்த்திருந்தாள். பிரிந்திருக்கும் இருவர்க்கும் வானம் ஒன்றுதான், பொழுதுதான் ஒன்றாய் வாய்ப்பதில்லை. ஆதலால் அவ்விரவின் எல்லாப் பொழுதுக்கும் அவளே விழித்திருக்க வேண்டியதாயிற்று.