கை எலும்புப் பந்தயம்

ஆறிய சாம்பலில் பாலைத் தெளித்துவிட்டு ஸ்ரீதரன் குனிந்தபோது, பிரேமலதா சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, பொம்பளைங்க சுடுகாட்டுக்கே வாறதில்ல. வந்தது போதாதுன்னு எலும்பு வேற பொறுக்கணுமா?"

"உங்கண்ணன் என்கிட்டதான தம்பி பந்தயம் கட்டினாரு? நான் பாக்காம யாரு பாக்குறது?"

கொழுந்தன் நகர்ந்து இடம் விட்டான். பந்தயத்துக்குச் சாட்சியே அவன்தான்.

அவள் புருஷன் கிருஷ்ணகுமார் ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஃபெக்டரியில் வேலை பார்த்தவர். லயத்து வீட்டுக்குப் பின்னால் ஒரு கட்டையை நட்டு, ரப்பர் ஷீட்டைச் சுற்றிக் கட்டி, முப்பது வருஷமாகக் காலை ஐந்து மணிக்கு அதைக் குத்திக்கொண்டிருந்தார். கராத்தேக்காரன் கை இரும்பாக இருக்க வேண்டுமாம். கல்யாணமான மறுநாள் அந்தச் சத்தத்தில் பதறி எழுந்து வெளியே ஓடியவள் பிரேமலதா. அவளுக்கும் முஷ்டி பிடிக்கக் காட்டிக்கொடுத்தார். எத்தனை தடவை காட்டினாலும் அவள் பெருவிரலை உள்ளே வைத்துத்தான் மடக்குவாள்.

"அப்புடிக் குத்தினா ஒன் வெரல்தான் ஒடியும் லதா" என்று விழுந்து விழுந்து சிரிப்பார்.

பிறகு அவருடைய விரல் மூட்டுகள் வீங்கின. டாக்டர் நுஹ்மான் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "அடி வாங்கி வாங்கி எலும்பு தடிச்சு நல்ல பலமாத்தான் இருக்கு. ஆனா மூட்டு தேஞ்சுபோச்சு" என்றார். முதல் பாதியைக் கிருஷ்ணகுமார் பிடித்துக்கொண்டார், மறுபாதியை இவள் பிடித்துக்கொண்டாள். அதை வைத்தே எட்டு வருஷம் சண்டை ஓடியது.

கடைசி இரண்டு வருஷம் ஃபெக்டரி வாசலில் வாட்சர் வேலைதான். அப்போதும் காலைக் குத்தை மட்டும் விடவில்லை. சட்டைப் பொத்தானைக்கூட அவள்தான் போட்டுவிட்டாள், திட்டிக்கொண்டே. அவர் அதற்கெல்லாம் அசையமாட்டார்.

"நான் செத்தா எரிச்சுப் பாரு. மத்த எலும்பெல்லாம் மாவாப் போயிரும், இந்தக் கை எலும்பு மட்டும் முழுசாக் கெடக்கும். பந்தயமா? டேய் ஸ்ரீதரா, நீதான் சாட்சி!"

"பந்தயம்" என்றாள், மேல் பொத்தானைப் போட்டபடி.

முந்தாநாள் ஃபெக்டரி வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அன்று காலையில் போட்டுவிட்ட பொத்தானை ஆஸ்பத்திரியில் யாரோ கழற்றியிருந்தார்கள். இன்று ஐந்து மணிக்கு, எந்தச் சத்தமும் இல்லாமலே அவளுக்கு விழிப்பு வந்துவிட்டது.

முறைப்படி காலில் தொடங்கிப் பொறுக்கி வந்தார்கள். கால், தொடை, இடுப்பு என்று புதுச் சட்டிக்குள் ஒவ்வொன்றாக விழுந்தன. நெஞ்சுப் பக்கம் வந்ததும் ஸ்ரீதரன் சட்டியை அண்ணி பக்கம் நகர்த்தினான். கைப் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டி வைத்த இடம் அது.

அவள் சாம்பலைக் கிளறினாள். வெள்ளையாக ஒரு துண்டு அகப்பட்டது. உள்ளங்கையில் வைத்ததும் மாவாக உதிர்ந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படித்தான்.

இருபத்தாறு வருஷக் கல்யாண வாழ்க்கையின் சண்டைகளில் முதல் தடவையாக அவள் ஜெயித்திருந்தாள். இந்த ஜெயம் அவளுக்கு வேண்டவே வேண்டாம்.

"என்னங்க அண்ணி, கெடச்சிச்சா?" ஸ்ரீதரன் கேட்டான்.

"கெடச்சிச்சு தம்பி. முழுசா இருக்கு. கல்லு மாதிரி."

"எங்க, காட்டுங்க."

"நானே சட்டியில போடுறேன். நீங்க தலைப்பக்கம் பாருங்க."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, லேசாகச் சிரித்தபடி நகர்ந்தான். அவள் பொடி சிந்தாமல் விரல்களை இறுக மடக்கினாள். இந்தத் தடவை பெருவிரல் வெளியே இருந்தது.