டிக்கிப் பலகைக்கு அடியில்

எனக்குக் கோபம் வந்தால் வாயைத் திறக்க மாட்டேன், கரண்ட் அளக்கிற மல்டிமீட்டரை எடுத்துக்கொள்வேன். வாயைத் திறந்து நான்கைந்து வாடிக்கையாளர்களைத் துரத்திய பிறகு வந்த ஞானம் அது. அன்று காலை செங்கோட்டையன் ஐயாவின் கார் கடைக்கு வந்த இரண்டாவது நிமிடமே மீட்டர் என் கையில் இருந்தது.

பெருமாநல்லூர் ரோட்டில் வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கிறேன். நாகஜோதி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, கரண்ட்டுக்காரம்மா என்றால் வழி காட்டுவார்கள். ஐயா பனியன் ஏற்றுமதி செய்கிறவர். கார் வெளிநாட்டுச் சரக்கு. அதில் ஸ்பிரிங் கிடையாது, சக்கரத்துக்குச் சக்கரம் காற்றுப் பை. பை இளைத்தால் கம்ப்ரசர் ஓடிக் காற்றை நிரப்ப வேண்டும். நிரப்பவில்லை. பின்பக்கம் தரையில் குந்தி, மூக்கு வானத்தைப் பார்க்க, இழுவை வண்டியில் வந்து இறங்கியது.

பழுது எப்படி வந்தது என்று நான் பார்ப்பதற்கு முன்பே ஐயா தீர்ப்பு எழுதிவிட்டார். போன வாரம் பழநி போய்த் திரும்பும்போது, தாராபுரம் பக்கம் ஒரு வேகத்தடையில் டிரைவர் சுடலை வண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டாராம். அதில்தான் கம்ப்ரசர் போயிற்றாம். இதைக் கம்பெனி முழுக்கச் சொல்லியாகிவிட்டது. நான் ஆமாம் என்று சொன்னால் சுடலைக்கு இன்றோடு வேலை இல்லை.

சுடலை எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒன்பது வருடமாக ஐயாவுக்கு வண்டி ஓட்டுகிறார். மூத்த பெண் நர்சிங் இரண்டாம் வருடம். ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டிய மனுஷன், என் கடைச் சுவரோரம் குற்றவாளி மாதிரி நின்றுகொண்டிருந்தார். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

கம்ப்ரசரையே மாற்ற வேண்டும், இரண்டு வாரம் ஆகும் என்று கோயமுத்தூர் ஷோரூமில் சொல்லியிருந்தார்கள். ஐயா அங்கேயே விடலாம் என்றாராம். பிடிவாதமாக இங்கே கூட்டி வந்தது அவர் மனைவி ஜானகியம்மாள். அவர்கள் கம்பெனி வேனை ஒருமுறை நான் பிழைக்க வைத்த நம்பிக்கை. ஸ்டூலில் உட்கார்ந்து, வேலை முடிகிற வரை நகர மாட்டேன் என்றார். வீட்டுக் கவலையையும் சொன்னார். இரண்டு மாதமாக ஐயாவுக்குச் சர்க்கரை இறங்கவே இல்லை. டீயில்கூட ஜீனி நிறுத்தியாயிற்று, டாக்டர் மாத்திரையை மாற்றியும் பார்த்துவிட்டார். ஐயா அந்தப் பக்கம் திரும்பி பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல நின்றார். பென்ஸ் வாங்கப் பணமிருக்கிறவருக்குப் பஸ் எதற்கு?

முதலில் முன்பக்கம் பார்த்தேன். ஃபியூஸ் நன்றாக இருந்தது. ரிலே டிக் என்று அடித்தது, அதிலிருந்து பன்னிரண்டு வோல்ட்டும் ஒழுங்காகக் கிளம்பியது. அப்படியானால் அடுத்து கம்ப்ரசரிடம் போய்த்தான் பார்க்க வேண்டும், அது டிக்கியில் பலகைக்கு அடியில் ஸ்டெப்னி பக்கத்தில் இருக்கிறது என்றேன்.

ஐயாவின் முகம் மாறியது. டிக்கியைத் திறக்காமல் பார்க்க முடியாதா என்று கேட்டார். முடியாது என்றேன். முன்னாலேயே இன்னொரு தரம் பார்க்கச் சொன்னார். கம்ப்ரசர் நடந்து முன்னால் வராது என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினேன். டிக்கியைத் திறந்து பலகையைத் தூக்கி, பேட்டரியிலிருந்து இரண்டு வயரை நேராகக் கம்ப்ரசருக்குக் கொடுத்தேன். உர்ரென்று ஓடியது. மோட்டாருக்கு ஒரு கேடும் இல்லை. வேகத்தடையில் உடைந்த சாமான் இப்படி ஓடாது.

கோளாறு இடையில் வயர்களை இணைக்கிற கனெக்டரில். தொட்டால் விரலில் பிசுபிசு. பின்கள் பச்சைக் களிம்பு பிடித்து அரித்துப் போயிருந்தன. அதன் மேல் ஒரு எறும்புப் படை. வாழைப்பழமும் வெல்லமும் ஏலக்காயும் கலந்த வாசம். ஸ்டெப்னிக்குப் பின்னால் கையை விட்டேன். மூடி சரியாக மூடாத எவர்சில்வர் டப்பா, உள்ளிருந்து ஒழுகிய பஞ்சாமிர்தம், கூடவே ஒரு கரண்டி. கடை டப்பாவோடு வைத்தால் லேபிள் காட்டிக்கொடுக்கும் என்று வீட்டு டப்பாவுக்கு மாற்றியிருக்கிறார் ஐயா, புத்திசாலி. கல்யாணச் சீர்ப் பாத்திரம் என்பதை மறந்துவிட்டார். டப்பாவின் வயிற்றில் ஜானகி என்று பெயர் வெட்டியிருந்தது. கட்டை விரலால் பெயரை மூடிக்கொண்டு ஐயாவைப் பார்த்தேன். கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பார்த்தார்.

ஜானகியம்மாள் எழுந்து வந்து, யார் டப்பா அது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சுடலை முந்திக்கொண்டார்.

"என்னோடதும்மா. நாந்தான் வச்சேன்."

அவருக்குப் பஞ்சாமிர்தமே ஆகாது, போன தைப்பூசத்துக்கு நான் கொடுத்ததை வேண்டாமென்றவர். முதலாளியின் தலை குனியக் கூடாதாம். ஐயா மறுபடியும் பஸ் பார்க்கத் திரும்பிக்கொண்டார். நான் மீட்டரை எடுத்துக்கொண்டேன்.

"அப்படின்னா நீ நாளையிலிருந்து வர வேண்டாம் சுடலை" என்றார் ஜானகியம்மாள், நிதானமாக.

நான் அரித்த பின்களை வெட்டி எறிந்துவிட்டுப் புதியது போட்டேன். பத்து நிமிட வேலை, வேண்டுமென்றே அரை மணி நேரம் செய்தேன். அதற்குள் சுடலை முன்சீட்டிலிருந்து தன் துண்டையும் மூக்குக் கண்ணாடியையும் சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்து வந்து சுவரோரம் வைத்தார். ஐயா அந்தத் தூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சனகி, அது என்ற டப்பா, நாந்தான் வெச்சேன். அவன விட்டுரு" என்றார்.

"தெரியுமுங்க" என்றார் அந்தம்மா. "ரெண்டு மாசமா இந்த டப்பாவ ஊடெல்லாம் தேடறேன். வாயத் தொறப்பீங்களான்னு பாத்தேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ எதுக்குக் கண்ணு விரல வெச்சு மறைக்கறே? என்ற பேரு எனக்குத் தெரியாதா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கனெக்டரை மாட்டினேன். கம்ப்ரசர் ஓட, குந்தியிருந்த வண்டி மெல்ல எழுந்து நேரானது. ஜானகியம்மாள் பின்சீட்டில் ஏறி, நேராக ரத்தப் பரிசோதனைக்குப் போகச் சொன்னார். சுடலை மட்டும் அசையவில்லை.

"டப்பா கெடக்கட்டும்யா. நான் வண்டியத் தூக்கிப் போட்டேன்னு சொன்னீங்கள்லா? அது இல்லன்னு உங்க வாயால ஒரு தடவ சொல்லிருங்க."

ஐயா தொண்டைக்குள்ளேயே ஏதோ முனகினார். எதிர் டீக்கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் மீட்டரைக் கீழே வைத்தேன்.

"எனக்கே கேக்கலீங்க ஐயா" என்றேன். "கம்பெனி முழுக்கச் சொன்ன அதே சத்தத்துல சொல்லுங்க."

அவர் என்னை முறைத்தார். காருக்குள் இருந்த மனைவியைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

"சுடலை மேல தப்பில்லீங்க. வண்டியக் கெடுத்தது நானுங்க."

டீக்கடையில் ஒருத்தரும் கிளாசை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. சுடலை சுவரோரமிருந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வண்டியில் ஏறினார்.