வேலிக்கு அந்தப்பக்கத்து எச்சில்

ஆறு வாரமும் இரண்டு நாளும் காத்திருந்த பிறகு மரபணுப் பரிசோதனை முடிவு வந்தது. டாம்ஸின் டிரெம்பாத் சமையலறையில் நின்றபடியே அதைப் படித்தாள். ரொட்டி கருகும் வாசனை வந்தும் அவள் நகரவில்லை.

தாமிரச் சுரங்க வேலைக்காக இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து கப்பலேறி ஆஸ்திரேலியாவின் மூண்டாவுக்கு வந்த குடும்பம் அவளுடையது. பல்லாரட் ஊரிலும் டிரெம்பாத்கள் உண்டு. இரண்டு குடும்பமும் ஒரே ஆளின் வழி வந்தவையா? இந்தக் கேள்வி அவளை மூன்று ஆண்டுகளாகக் குடைந்துகொண்டிருந்தது. பழைய காகிதங்களில் விடை இல்லை. குடும்பப் பெயரைப் போலவே தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்கும் மரபணு ஒன்று உண்டு. அது அவளிடம் இருக்காது. அண்ணன் தம்பியும் இல்லை. மூண்டாவில் மிஞ்சியிருந்த டிரெம்பாத் ஆண் அவள் அப்பா மெர்வின் மட்டுமே. ஆறு வாரத்துக்கு முன் அவரிடம் இரண்டு பஞ்சுக் குச்சிகளைக் கொடுத்து, "கன்னத்துக்குள்ள தேச்சுக் குடுங்கப்பா, அவ்வளவுதான்" என்றாள்.

மகள் கேட்டு மெர்வின் எதையும் மறுத்ததில்லை. மறுத்தால் ஏன் என்பாள். அவள் அறிவியல் ஆசிரியை; விடை கிடைக்கும்வரை விடமாட்டாள். அவர் குச்சிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலிக்கு அந்தப்பக்கம் போனார். பக்கத்து வீட்டு லயல் பொலித்தோ தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"வாயத் தொற."

"எதுக்குடா?"

"கேக்காத. கடைசியா எப்ப சாப்புட்ட?"

"ஒரு மணி நேரம் இருக்கும். கறியும் வெங்காயமும் வச்சுச் சுட்ட பாஸ்டி. ஏன், வெங்காயம் நாறுதா?"

"நாறட்டும். தொற."

பள்ளிக்கூட நாளிலிருந்து தொடரும் நட்பில் லயல் கேட்காமல் விட்ட கேள்விகள் பல. இதையும் அவற்றோடு சேர்த்துவிட்டு வாயைத் திறந்தார்.

டிரெம்பாத்தா, இல்லையா என்று மட்டும்தான் பார்ப்பார்கள் என்று மெர்வின் நினைத்தார். இல்லை என்று வரும். மகள் ஒரு நாள் முகம் வாடுவாள். அதோடு முடிந்துவிடும்.

ஆனால் முடிவு அங்கே நிற்கவில்லை. டிரெம்பாத் ஒருவரோடும் பொருத்தமில்லை. உலகின் வெவ்வேறு மூலைகளில் இருக்கும் ஆறு பொலித்தோக்களோடு நெருங்கிய பொருத்தம். டாம்ஸின் ஜன்னல் வழியாக வேலியைப் பார்த்தாள். லயலின் அப்பா ஜாக் பொலித்தோவும் வேலிக்கு அந்தப்பக்கத்து அதே வீட்டில்தான் வாழ்ந்தார். அவள் தாத்தா செசில் கோதுமை ஏற்றிச் செல்லும் ரயிலில் வேலை பார்த்தவர்; வாரக்கணக்கில் வீட்டில் இருக்கமாட்டார். பாட்டி ஐவி தனியாக இருந்திருப்பாள்.

அப்பாவிடம் கேட்டால் நொறுங்கிவிடுவார் என்று அவளுக்குத் தோன்றியது. பழைய படங்களை எடுத்து அப்பாவின் காதுமடலையும் லயலின் காதுமடலையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். ஒன்றுபோலவே இருந்தன. அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

அன்று மாலையே பல்லாரட்டிலிருந்து டெரில் டிரெம்பாத் கூப்பிட்டான். பரிசோதனைக் குழுவை நடத்துபவன் அவன். முடிவு அவனுக்கும் போயிருந்தது.

"உன் பாட்டி பலே ஆளா இருந்திருக்காங்களே!"

"யார்கிட்டயும் சொல்லாத டெரில்."

"நான் ஏன் சொல்லப்போறேன்?"

ஞாயிறு மதியம் மூண்டா மண்டபத்தில் வெளியூர் டிரெம்பாத்களும் ஊர்க்காரர்களும் கூடிய விருந்து. டெரிலும் லயலும் வந்திருந்தார்கள். மெர்வின் தட்டோடு வந்து உட்காரப் போனபோது டெரில் உரக்கச் சொன்னான்.

"பெரியவரே, உங்க மேசை இது இல்லையே! பொலித்தோ பக்கத்துல போயி உக்காருங்க. அண்ணன் தம்பி சேந்து சாப்புடுங்க!"

சிலர் சிரித்தார்கள். புரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் காதோடு விளக்கினார்கள்.

"ஐவியா? சர்ச்சுல ஆர்கன் வாசிச்ச அம்மாவா?" என்றாள் ஒருத்தி.

"அவங்கதான். வேலி அவ்வளவு ஒசரம் இல்லபோல" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

மெர்வினுக்கு மெல்லத்தான் விளங்கியது. தட்டைக் கீழே வைத்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா இது?"

"தெரியும்ப்பா."

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"உங்களுக்கு வலிக்கும்னு..."

"எங்கம்மாவ நாலு பேரு நடுவுல இப்படிப் பேசுனா வலிக்காதா?"

லயல் எழுந்தார். "டேய் மெர்வ், அந்தக் குச்சி..."

"நீ உக்காரு. நானே சொல்றேன்." மெர்வின் மண்டபத்தின் பக்கம் திரும்பினார். "அந்த எச்சில் என்னோடது இல்ல. லயலோடது. அவன் வாய்ல நான்தான் குச்சிய விட்டேன்."

மண்டபமே வெடித்துச் சிரித்தது. டெரிலும் சிரித்தான். டாம்ஸின் மட்டும் சிரிக்கவில்லை. பூதக்கண்ணாடியில் தான் பார்த்த காதுகள் அவள் நினைவுக்கு வந்தன. பார்க்க விரும்பியதைத்தான் பார்த்திருக்கிறாள்.

"உங்களோடதையே குடுத்திருக்கலாமேப்பா. ஏன் குடுக்கல?"

சிரிப்பு அடங்கும்வரை மெர்வின் காத்திருந்தார்.

"எனக்குப் பதினேழு வயசுல அம்மா ஒரு விஷயம் சொன்னாங்க. யார்கிட்டயும் சொல்லிடாதன்னு கையப் புடிச்சுக் கேட்டாங்க. ஊரு சிரிக்கும்னு அவ்வளவு பயம். அவங்க செத்து முப்பது வருஷம் ஆச்சு, நான் வாயத் தொறக்கல. என் எச்சில் சொல்லிடக் கூடாதுன்னுதான் லயலோடதக் குடுத்தேன்; கேட்டா குச்சி மாறிருச்சுன்னு சொல்லிக்கலாம்னு நெனச்சேன். ஊரு எப்படியும் சிரிச்சிருச்சு, செய்யாத தப்புக்கு." மகளின் பக்கம் திரும்பினார். "ரத்தத்துல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்க ஆசைப்படு டாம்ஸ், தப்பே இல்ல. ஆனா ஒரு காகிதத்தப் பாத்துட்டு ஒருத்தியோட மானத்துக்குத் தீர்ப்பு சொல்லாத. முதல்ல உசுரோட இருக்கறவங்களக் கேளு. ஒரு வீட்டுக்குள்ள புள்ள எப்படி வந்துச்சுங்கறது வெக்கம் இல்லம்மா. அத வெக்கமாக்கி, ஒரு பொம்பளைய சாகுறவரைக்கும் பயந்து வாழ வச்ச ஊர் வாய்தான் வெக்கம்."

டாம்ஸின் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தாள். "இப்பக் கேக்குறேன்ப்பா. சொல்லுங்க."

"அவங்களுக்குப் புள்ள பொறக்கல. நாலு மாசக் குழந்தையா என்னை அடிலெய்டுலேருந்து தத்தெடுத்துட்டு வந்தாங்க. பெத்தவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. எங்கம்மா ஐவி டிரெம்பாத்."